காதுக்குள் ஏதாவது போய்விட்டால்: கை வைக்கும் முன் படிக்க வேண்டியது

பட்டாணியைக் காதில் போட்டுக்கொண்ட பிள்ளை பெரும்பாலும் அழாது. அது பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்கும். பதறுவது வீட்டுப் பெரியவர்கள்தான். பதறினால் முதலில் கை போவது கொண்டை ஊசிக்கு, அடுத்தது எண்ணெய்க் கிண்ணத்துக்கு.

பர்மாவில், யாங்கோனில் ஒரு சின்ன கிளினிக்கில் இருபது வருஷத்துக்கு மேல் கம்பவுண்டராக இருந்தவன் நான். டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கும்போது பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றது பெரும்பாலும் நான்தான். அப்படி நின்று பார்த்ததில் ஒன்று தெரிந்தது. உள்ளே போன பொருள் செய்த காயத்தைவிட, அதை எடுக்கப் போன ஊசியும் குச்சியும் செய்த காயம்தான் அதிகம். அதனால் இதில் பாதிக்கு மேல் 'செய்யாதீர்கள்' என்றுதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

பெரியவர்களுக்குக் காதுக் குழாய் சுமார் 2.5 செ.மீ. நீளம். நேராகப் போகாது, கொஞ்சம் வளைந்து போகும். வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு. அங்கே தோல் கொஞ்சம் தடிப்பாக இருக்கும், முடியும் குறும்பியும் அங்கேதான். உள்பக்கம் மீதி இரண்டு பங்கும் எலும்பு. அந்த எலும்பின் மேல் தோல் மெல்லிய காகிதம் ஒட்டினது போலத்தான் இருக்கும். அங்கே லேசாகப் பட்டாலே உயிர் போகிற வலி வரும், ரத்தமும் சட்டென்று கசியும். இரண்டும் சேர்கிற இடத்தை ஒட்டிக் குழாய் குறுகுகிறது. போன பொருள் வழக்கமாக மாட்டிக்கொள்வது அங்கேதான்.

நாம் குத்திக் குடைந்து அந்தக் குறுகலைத் தாண்டித் தள்ளிவிட்டால், பொருள் செவிப்பறைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே வர வேண்டுமென்றால் அதே குறுகலை மறுபடி தாண்ட வேண்டும். சுலபமான வேலை ஆபரேஷன் வேலையாக மாறுவது இப்படித்தான்.

செவிப்பறைக்குப் பின்னால் மூன்று குட்டி எலும்புகள் வரிசையாக இருக்கின்றன. கடைசி எலும்பு சுமார் 3 மி.மீ., நம் உடம்பிலேயே சின்ன எலும்பு. முகத்தை அசைக்கிற நரம்பும் பக்கத்தில்தான் ஓடுகிறது. ஒரு கொண்டை ஊசி எவ்வளவு நீளம் என்று எடுத்துப் பாருங்கள். கணக்கு உங்களுக்கே புரியும்.

காதைக் குடையும்போது சிலருக்கு இருமல் வருமே, கவனித்திருக்கிறீர்களா? தொண்டை, இதயம், வயிறு வரைக்கும் போகிற ஒரு பெரிய நரம்பின் கிளை காதுக் குழாய்த் தோலிலும் இருக்கிறது. அதுதான் காரணம். எடுக்கப் போகும்போது பிள்ளை திடீரென்று இருமித் தலையை ஆட்டினால், கையில் இருக்கிற குச்சி எங்கே போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல் வேலை: என்ன போனது என்று கண்டுபிடிப்பது

காதைத் தொடுவதற்கு முன் கேள்வி கேளுங்கள். திட்டிக்கொண்டே கேட்டால் பிள்ளை பொய்தான் சொல்லும். 'நானும் சின்ன வயசுல போட்டிருக்கேன்டா' என்று ஆரம்பித்தால் உண்மை வரும். என்ன போட்டான், எப்போது போட்டான், ஒன்றா இரண்டா, எந்தக் காது. அதே போல இன்னொன்று கையில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி.

அப்புறம் நல்ல வெளிச்சத்தில் வெளியில் இருந்தபடியே பார்க்க வேண்டும். கரண்ட் போயிருந்தால் போன் டார்ச் போதும். பெரியவர்களுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் காது மடலை மேலும் பின்னுமாக மெதுவாக இழுத்தால் வளைவு நிமிரும். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கீழும் பின்னுமாக இழுக்க வேண்டும். ஒன்றும் தெரியவில்லையா? சரி, அத்தோடு பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாததைக் கையால் தேடக் கூடாது.

இதற்கு மேல் எந்த வழியில் போவது என்பது உள்ளே இருக்கும் பொருளைப் பொறுத்தது.

பட்டன் பேட்டரி என்றால் கிளம்ப வேண்டியதுதான்

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கரண்ட் அடிக்கடி போகிற ஊர் நம்முடையது. வீட்டில் எத்தனை குட்டி விளக்குகள், மினுக்கும் மோதிரங்கள், சத்தம் போடும் பொம்மைகள், தடிஞ்ஜு விளக்குப் பண்டிகைக்கு வாங்கிய பிளாஸ்டிக் மெழுகுவர்த்திகள் என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்குள் காசு போல வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும். மூடியில் ஸ்க்ரூ இல்லாத மலிவான சாமானில் அது தட்டினாலே வெளியே வந்துவிடும்.

அந்த பேட்டரி ஈரமான தோலைத் தொட்டதும் மின்சாரம் ஓட ஆரம்பிக்கும். அதன் நெகட்டிவ் பக்கம் காரம் உண்டாகித் தோலைச் சுடும். சோடா உப்பின் வேலை இல்லை இது, சாக்கடை அடைப்பு நீக்கப் போடுகிற காரத்தின் வேலை. சில மணி நேரத்தில் காயம் ஆழமாகிவிடும். செவிப்பறை ஓட்டையாகலாம், எலும்பு வரைக்கும் அரிக்கலாம். பொம்மையை ஓட்ட முடியாத அளவுக்குத் தீர்ந்துபோன பேட்டரியிலும் இந்தக் காயத்தை உண்டாக்கும் சக்தி மிச்சம் இருக்கும். 'பழசுதானே' என்று விட்டுவிடாதீர்கள்.

எண்ணெய், தண்ணீர், காது மருந்து என்று எதையும் ஊற்றக் கூடாது. ஈரம் கூடினால் சேதமும் கூடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கூடாது. ராத்திரி இரண்டு மணியானாலும் காது மூக்கு தொண்டை டாக்டர் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். என்ன போனது என்று தெரியாமல், காதிலிருந்து கறுப்பாக ஏதாவது வடிந்தாலும் பேட்டரி என்றே நினைத்துக்கொண்டு கிளம்புவதுதான் நல்லது. குட்டிக் காந்த மணிகள் போயிருந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

உயிரோடு பூச்சி

வீட்டில் நாம் தைரியமாக எண்ணெய் ஊற்றக்கூடியது இதற்கு மட்டும்தான். முதல் மழை பெய்த ராத்திரியில் ஈசல், தரையில் பாய் போட்டுப் படுத்தவர் காதில் கரப்பான் குஞ்சு, சில சமயம் எறும்பு. செவிப்பறை மேல் ஆறு கால் நடந்தால் உள்ளே இடி இடிக்கிற மாதிரி கேட்கும். ஆறடி ஆள் தரையில் உருண்டதைப் பார்த்திருக்கிறேன்.

விரலை விட்டு நோண்டக் கூடாது. நோண்டினால் பூச்சி இன்னும் உள்ளேதான் போகும். டார்ச் அடித்தால் வெளியே வந்துவிடும் என்பார்கள். ஈசல், விட்டில் வரலாம். கரப்பான் வெளிச்சத்தைக் கண்டால் இன்னும் உள்ளே ஓடும். அதனால் அந்த வித்தையை நான் நம்புவதில்லை.

எண்ணெய் விடுவதற்கு முன் மூன்று விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். உள்ளே இருப்பது பூச்சிதான், அசைகிறது, சத்தம் கேட்கிறது. அந்தக் காதில் சீழ் வடிந்ததோ, செவிப்பறை ஓட்டை என்று டாக்டர் சொன்னதோ, ஆபரேஷன் செய்ததோ, உள்ளே குட்டி டியூப் வைத்ததோ இல்லை. இப்போது ரத்தமும் வரவில்லை. இதில் எதிலாவது சந்தேகம் இருந்தால் எண்ணெய் வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

எல்லாம் சரி என்றால், பூச்சி போன காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தேங்காய் எண்ணெய் அல்லது பேபி ஆயில் போதும். கடலை எண்ணெய் வேண்டாம், சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. அடுப்பில் காட்டக் கூடாது. ஸ்பூனை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் உடம்புச் சூடு வந்துவிடும், அது போதும். மடலை முன்னே சொன்ன மாதிரி இழுத்துப் பிடித்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாகக் குழாய் நிரம்பும் வரை விடுங்கள். பூச்சி மூச்சு விடுவது உடம்பின் பக்கவாட்டில் இருக்கிற துளைகளால். எண்ணெய் அவற்றை அடைத்துவிடும். முதல் நிமிஷம் அது இன்னும் துள்ளும், கடித்தாலும் கடிக்கும். படுத்திருப்பவரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் எழுந்து ஓடிவிடுவார்.

பத்து நிமிஷம் போனதும், அசைவு நின்ற பிறகு, ஒரு துணியை வைத்துக்கொண்டு அந்தக் காதைக் கீழே சாய்க்கச் சொல்லுங்கள். எண்ணெயோடு பூச்சியும் வரலாம். வராவிட்டால் தேட வேண்டாம். செத்த பூச்சி அவசரம் இல்லை, ஆனால் மறுநாளே எடுத்துவிட வேண்டும். கால், இறக்கை ஏதாவது மிச்சம் இருந்தால் புண்ணாகும். முழுசாக வந்ததாகத் தோன்றினாலும் ஒரு தரம் காட்டிவிடுவது நல்லது. உண்ணி கடித்துப் பிடித்துக்கொண்டிருந்தால் அதை இழுக்கவே வேண்டாம், அது டாக்டர் வேலை.

மண்ணெண்ணெய், வெற்றிலைச் சாறு, புகையிலைத் தண்ணீர், உப்புத் தண்ணீர் எல்லாம் ஊற்றி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பூச்சி செத்திருந்தது. காதும் வெந்திருந்தது.

ஊறினால் பெருக்கும் சாமான்

அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் போடுகிற வீட்டில் ராத்திரி ஊறப்போட்ட கடலை காலையில் எவ்வளவு பெரிசாகிறது என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் தலையில் தட்டோடு பெப்யோ, அதாவது வேகவைத்த பட்டாணி விற்று வருகிற அம்மாவிடம் கேட்டால் பட்டாணியின் கதையும் அதுதான் என்பார். அதே வேலையை அது காதுக்குள்ளும் செய்யும். பட்டாணி, கடலை, பயறு, புளியங்கொட்டை, நெல், அரிசி எதுவானாலும் தண்ணீர் பட்டால் பெருத்து இறுகிவிடும். பிறகு வலி, வீக்கம். எடுப்பதும் இரட்டிப்புக் கஷ்டம். தண்ணீரில் பெருக்கிற கலர் ஜெல்லி மணிகள் விற்கிறார்களே, அவை கடலையைவிட மோசம். ஸ்பாஞ்சும் காகிதமும்கூட ஈரத்தில் ஊதும்.

இதை நான் பாடமாகப் படித்தது என் தவறால்தான். கிளினிக் வேலைக்குப் போவதற்கு முந்தின காலம். பகோவில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் பையன் காதில் பட்டாணி. நான்தான் படித்த தம்பி ஆயிற்றே, ஊசி போடாத சிரிஞ்சில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் பீய்ச்சினேன். வரவில்லை. மறுபடியும் பீய்ச்சினேன். பிள்ளை சாயங்காலம் வரை சிரித்துக்கொண்டிருந்தான், ராத்திரி கத்த ஆரம்பித்தான். மறுநாள் பக்கத்து கிளினிக்கில் இடுக்கியால் பிடித்தார்கள். வழுக்கி உள்ளே போனது, ரத்தம் வந்தது. கடைசியில் யாங்கோனுக்குக் கொண்டுவந்து மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். ஐந்து நிமிஷ வேலை மூன்று நாளாகிவிட்டது. அக்கா இன்றைக்கும் விசேஷ வீடுகளில் இதைச் சொல்லிக்காட்டுவாள்.

நெல் விஷயத்தில் இன்னொன்று. கதிர் அடிக்கும் காலத்தில் வாலுள்ள நெல் காதில் போனால் அந்த வால் முடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்த சின்ன முட்கள் இருக்கும். தாடையை அசைக்க அசைக்க அது உள்நோக்கியே நகரும். இழுத்தால் தோலைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே அப்படியே விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள்.

மணி, கல், பஞ்சு, மற்றவை

பாசிமணி, சின்ன கூழாங்கல், தோட்டின் திருகாணி, பென்சில் ரப்பர், பட்ஸ் முனையில் கழன்ற பஞ்சு, ஹியரிங் எய்டின் ரப்பர் மூடி. இவை அவசரம் கிடையாது. வலியோ ரத்தமோ இல்லையென்றால் மறுநாள் காலை வரை பொறுக்கலாம். வீட்டில் இரண்டு முயற்சிக்கு இடம் உண்டு, அதற்கு மேல் இல்லை.

ஒன்று, சாய்ப்பது. அந்தக் காது தரையைப் பார்க்கும்படி தலையைச் சாய்த்து, மடலை இழுத்து லேசாக ஆட்டுங்கள், வாயை மென்று காட்டச் சொல்லுங்கள். உருண்டு வந்தால் வரும். தலையில் தட்டுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உலுக்குவது எல்லாம் வேண்டாம்.

இரண்டாவது, எடுப்பது. பொருளின் ஒரு பகுதி காது வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், மென்மையாக இருக்க வேண்டும், பஞ்சு மாதிரி. காதுக்காரர் ஆடாமல் உட்கார வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் முனை மழுங்கிய ட்வீசரால் மெதுவாகப் பிடித்து இழுக்கலாம். உருண்டையான, வழவழப்பான எதையும் ட்வீசரால் பிடிக்கவே கூடாது. சோப்புக் கட்டியை இரண்டு விரலால் நசுக்கிப் பிடித்துப் பாருங்கள், எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.

குச்சி முனையில் பசை தடவி ஒட்டி எடுக்கும் வித்தை போனில் ஓடுகிற வீடியோக்களில் வருகிறது. பசை காதுச் சுவரில் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? காதில் வைத்துக் கொளுத்தும் மெழுகுத் திரிக்கும் இதே பதில்தான். அது எதையும் உறிஞ்சாது, மெழுகு உருகி உள்ளே விழும்.

திஞ்ஞான் தண்ணீர்

ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம் கிளினிக்கில் காது அடைப்பென்று ஒரு கூட்டம் வரும். உள்ளே பார்த்தால் பொருள் எதுவும் இருக்காது. ஏற்கெனவே இருந்த குறும்பி தண்ணீர் குடித்து ஊதியிருக்கும். 'உள்ளே ஏதோ இருக்கு' என்று பட்ஸ் விட்டு இன்னும் இடித்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள். தலையைச் சாய்த்து, மடலை இழுத்து, துண்டால் வெளியே மட்டும் துடையுங்கள். இரண்டு நாளில் சரியாகாவிட்டால் டாக்டர் பார்த்து எடுத்துவிடுவார். காதுக்குள் தோல் தானாகவே உள்ளிருந்து வெளியே நகர்ந்து குறும்பியைக் கொண்டுவந்து தள்ளும். சுத்தம் செய்ய நாம் உள்ளே போக வேண்டியதே இல்லை.

எப்போது உடனே போக வேண்டும்

பேட்டரியைச் சொல்லிவிட்டேன். கூர்மையான பொருள், கண்ணாடித் துண்டு, ரத்தம், சீழ், கடும் வலி, தலைசுற்றல், காது திடீரென்று கேட்காமல் போவது, முகம் ஒரு பக்கம் கோணுவது என்றால் அதே மணி நேரத்தில் கிளம்புங்கள். பயறு, பட்டாணி என்றால் அன்றைக்கே. வீட்டில் ட்வீசரால் ஒரு தரம் முயன்று வரவில்லை என்றாலும் அன்றைக்கே. முதல் முயற்சியில்தான் பொருள் சுலபமாக வரும். ஒவ்வொரு தோல்விக்கும் குழாய் வீங்கும், பிள்ளையின் பயமும் கூடும்.

கிளம்பும்போது பிள்ளைக்கு வயிறு முட்டச் சோறு கொடுத்துச் சமாதானப்படுத்தாதீர்கள். மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டான் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காதில் ஏதாவது ஊற்றியிருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் மறைத்தவன், அதனால் சொல்கிறேன்.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்கு 'நா' என்றால் நாக்கு, பர்மியில் 'நா' என்றால் காது. கொஞ்சம் ராகம் மாற்றிச் சொன்னால் அதுவே வலி. பதற்றத்தில் நாக்கைக் காட்டிக்கொண்டு நிற்காதீர்கள், காதைத் தொட்டுக் காட்டுங்கள். பூச்சி போயிருந்தால் 'நாடே போ வின்தே' என்றால் புரிந்துகொள்வார்கள். பேட்டரிக்கு 'டாட்கே'. அந்த ஒரு சொல்லைக் கேட்டால் சயாவுன், அதாவது டாக்டர், வரிசையில் உங்களை முன்னால் கூப்பிடுவார், கூப்பிட வேண்டும்.

டாக்டர் என்ன செய்வார், நீங்கள் எப்படிப் பிடிப்பது

வெளிச்சம் வைத்த கருவியில் அல்லது மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். உருண்டையான பொருளுக்கு முனை வளைந்த மெல்லிய கொக்கியை அதன் பின்னால் விட்டு முன்னால் இழுப்பார். பஞ்சு, காகிதம் என்றால் முதலை வாய் மாதிரி முனை மட்டும் திறக்கிற இடுக்கி. சிலதை உறிஞ்சு குழாயால் எடுப்பார். தண்ணீர் பீய்ச்சுவதும் உண்டு, ஆனால் செவிப்பறை முழுசாக இருக்கிறது, உள்ளே இருப்பது ஊறாத பொருள் என்று பார்த்த பிறகுதான். தண்ணீர் 37 டிகிரி, உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். அதைவிடக் குளிர்ச்சியோ சூடோ பட்டால் தலை சுற்றி வாந்தி வரும். உள்காதின் சமநிலை உறுப்பு அந்த வித்தியாசத்தை அசைவு என்று எடுத்துக்கொள்ளும்.

பிள்ளையை மடியில் பக்கவாட்டாக உட்கார வையுங்கள். கால்களை உங்கள் தொடைகளுக்கு நடுவில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கை அவன் இரண்டு கைகளையும் சுற்றி அணைக்கட்டும். இன்னொரு கை தலையை உங்கள் நெஞ்சோடு அழுத்திப் பிடிக்கட்டும். பாவம் பார்த்துத் தளர்த்திப் பிடித்தால்தான் காயம் வரும். திமிறுகிற பிள்ளைக்கு மயக்கம் கொடுத்துச் செய்யலாம் என்று டாக்டர் சொன்னால் தயங்க வேண்டாம். விழித்த பிள்ளையோடு மல்லுக்கட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

எடுத்த பிறகு

டாக்டர் சொல்கிற வரை காதில் தண்ணீர் போகாமல் பாருங்கள். குளிக்கும்போது பஞ்சில் கொஞ்சம் வாஸ்லின் தடவிக் காது வாசலில் மட்டும் வையுங்கள், பிறகு மறக்காமல் எடுத்துவிடுங்கள். லேசான எரிச்சல் ஓரிரு நாள் இருக்கும். வலி கூடினாலோ, நாற்றத்தோடு ஏதாவது வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ மறுபடி போய்க் காட்டுங்கள்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் அடுத்த காதையும் இரண்டு மூக்குத் துவாரத்தையும் பார்க்கச் சொல்லிவிடுங்கள். அக்கா பையனுக்குக் காதுப் பட்டாணியை எடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். நாலு நாள் கழித்து ஒரு பக்க மூக்கு மட்டும் ஒழுகி நாறியது. அதிலும் ஒன்று இருந்தது, முளை விட்டிருந்தது.